மோட்டார்ஹோம் பம்ப்: திருப்புளியை எடுக்கும் முன்

பிரிட்டனில் பழைய மோட்டார்ஹோம் வாங்குகிறவர்கள் எஞ்சினைப் பார்க்கிறார்கள், டயரைப் பார்க்கிறார்கள். தண்ணீர் பம்பைப் பார்ப்பவர்கள் குறைவு. முதல் பயணத்தில் குழாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. உடனே புதுப் பம்புக்குப் பணத்தைக் கொட்ட வேண்டாம்.

இந்தப் பம்ப் பெரும்பாலும் 12 வோல்ட் பாட்டரியில் ஓடுவது. சத்தமே வரவில்லையா? பம்ப் சுவிட்ச், ஃபியூஸ், பாட்டரி சார்ஜ் என்று வரிசையாகப் பாருங்கள். தொட்டிக்குள் மூழ்கியிருக்கும் சிறு பம்ப் என்றால், பல வண்டிகளில் ஒவ்வொரு குழாயிலும் ஒரு மைக்ரோசுவிட்ச் இருக்கும். ஈரம் ஏறி அது கெட்டால் அந்த ஒரு குழாயில் மட்டும் தண்ணீர் வராது. பம்ப் மேல் பழியில்லை. ஓடுகிற சத்தம் கேட்டும் தண்ணீர் வராவிட்டால் உள்ளே காற்று அடைத்திருக்கலாம். பம்பைத் தண்ணீருக்குள்ளேயே வைத்து ஆட்டினால் குமிழிகள் வெளியேறும். தொட்டிக்கு வெளியே பொருத்திய டயாஃபிரம் பம்பில் ஃபில்டரைக் கழுவி, அதன் மூடியை நன்றாக இறுக்குங்கள்.

எல்லாக் குழாயும் மூடியிருக்க, நள்ளிரவில் பம்ப் விட்டுவிட்டு ஓடினால் அலட்சியம் கூடாது. பிரஷர் சுவிட்ச் கோளாறாக இருக்கலாம். எங்கோ கசிவதாகவும் இருக்கலாம். கசிந்த நீர் தரைப்பலகைக்குள் இறங்கினால் பலகை உளுத்துப்போகும். அந்தச் செலவுக்கு முன்னால் பம்ப் விலை ஒன்றுமேயில்லை.

ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று 10 ஆம்பியர் இடத்தில் 20 ஆம்பியரைச் செருகாதீர்கள். ஃபியூஸுக்குப் பதில் வயர் எரியும், தீப்பிடிக்கும். குளிர்காலத்தில் தண்ணீரை வடிக்காமல் நிறுத்தினால் அது உறைந்து பம்பைப் பிளந்துவிடும். உறைபனிச் சேதத்தைப் பல வாரன்டிகள் ஏற்பதில்லை.

வியாபாரியிடம் வாங்கிய வண்டி என்றால், 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. வண்டியின் வயதுக்கும் விலைக்கும் ஏற்ற தரம் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கலாம்; வாங்கும்போதே குறை இருந்தது என்று காட்டும் பொறுப்பு அப்போது உங்களுடையது. பழுது நீக்கித் தரக் கேட்டாலோ நிலைமை உங்களுக்குச் சாதகம்: முதல் 6 மாதங்களுக்குள் தெரியும் குறை தொடக்கத்திலேயே இருந்ததாகச் சட்டம் கொள்ளும், மறுப்பவர் விற்றவரென்றால் அவர்தான் நிரூபிக்க வேண்டும். ஒருமுறை சரிசெய்தும் தீராவிட்டால் விலைக் குறைப்போ, வண்டியைத் திருப்பித் தரும் உரிமையோ உண்டு. வண்டி விலை 30,000 பவுண்டுக்கு மேற்படாமல், முன்பணத்தையாவது கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் கார்டு நிறுவனத்திடமும் கேட்கலாம். தனியாரிடம் வாங்கியவருக்கு இந்தப் பாதுகாப்பில் பெரும்பகுதி இல்லை. விற்றவர் சொன்னது பொய்யா என்பதே அங்கே கேள்வி.

எனவே வியாபாரியிடம் வாங்கியவர்கள் பம்பைப் பிரிக்காதீர்கள். பிரித்தால் "நீங்கள்தான் கெடுத்தீர்கள்" என்ற பதில் வரும். குறையை வீடியோ எடுத்து, விற்றவருக்கு அன்றைக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள். அவர் மழுப்பினால் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பிடம் இலவசமாக ஆலோசனை பெறுங்கள்.