களத்திற்குச் செல்லாத தந்தி

கனடா நாட்டில் செயின்ட் லாரன்ஸ் என்னும் பேராறு ஓடுகின்றது. கியூபெக் நகருக்கு அருகே அதன் குறுக்கே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எஃகுப் பாலம் ஒன்று எழுப்பப்பட்டது. எதிரெதிரே நிற்கும் இருவர் கைகளை நீட்டி, நடுவில் ஒரு பலகையைத் தாங்குவது போன்ற அமைப்புடையது அப்பாலம்.

இரு பெருந்தூண்களுக்கு இடைப்பட்ட தொலைவு முதலில் 488 மீட்டர் எனத் திட்டமிடப்பட்டது. பின்னர் 549 மீட்டராக நீட்டப்பட்டது. நீளம் கூடினால் எடையும் கூடும் அன்றோ? ஆயினும் எடையைப் புதிதாகக் கணக்கிடவில்லை. பிழை தெரியவந்தபோது எஃகு உறுப்புகள் பல ஆயத்தமாகிவிட்டன. கூடுதல் எடையைப் பாலம் தாங்கிக்கொள்ளும் என்று ஆலோசனைப் பொறியாளர் தியோடர் கூப்பர் முடிவு செய்தார். முதுமையும் உடல்நலக் குறைவும் உற்றிருந்த அவர், நியூயார்க் நகரிலேயே தங்கியிருந்தார். எஃகு வேலை தொடங்கிய பின் ஒருமுறையேனும் களத்திற்கு வரவில்லை. வேலையை நிறுத்தும் துணிவும் அதிகாரமும் உடைய மூத்த பொறியாளர் வேறெவரும் அங்கு இல்லை. கணக்குப் பிழையினும் பெரிய குறை இதுவே எனலாம்.

1907 ஆகஸ்டு மாதத்தில், பாலத்தின் அடிப்பக்க உறுப்புகள் சில வளைந்திருப்பதைக் களத்தில் இருந்தோர் கண்டனர். ஓர் உறுப்பின் வளைவு இரு வாரங்களில் 19 மில்லிமீட்டரிலிருந்து 57 மில்லிமீட்டராக வளர்ந்திருந்தது. தொழிற்சாலையிலிருந்து வரும்போதே அது வளைந்திருந்தது என்று சிலர் வாதிட்டனர். நார்மன் மெக்லூர் என்னும் இளம் பொறியாளர் நியூயார்க் சென்று கூப்பரிடம் நேரில் தெரிவித்தார். பாலத்தின்மீது மேலும் எடை ஏற்றலாகாது என்று கூப்பர் உடனே தந்தி அனுப்பினார். தந்தி சென்றதோ கியூபெக்கிற்கு அன்று. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் இருந்த கட்டுமான நிறுவனத்தின் அலுவலகத்திற்கு. அங்கிருந்தோர் மறுநாள் காலை முடிவெடுக்கலாம் என்று கலைந்தனர்.

அன்று ஆகஸ்டு 29. மாலை 5.37 மணி, அன்றைய வேலை முடியும் வேளை. பாலத்தின் தென்பகுதி பதினைந்து நொடிகளில் ஆற்றில் வீழ்ந்தது. மேலிருந்த 86 தொழிலாளருள் 75 பேர் மாண்டனர். அவர்களுள் 33 பேர் கானவாகே என்னும் ஒரே ஊரிலிருந்து பிழைப்புக்காக வந்திருந்த மோஹாக் பழங்குடியினர். உயரத்தில் எஃகு வேலை செய்வதில் பெயர்பெற்றவர்கள் அவர்கள்.

பாலம் மீண்டும் கட்டப்பட்டது. 1916இல் அதன் நடுப்பகுதியைத் தூக்குகையில் அது நழுவி வீழ, மேலும் 13 பேர் உயிரிழந்தனர். 1917இல் பணி நிறைவுற்றது. அப்பாலம் இன்றும் பயன்பாட்டில் உள்ளது.

கனடாவில் பொறியியல் பயின்று வெளிவரும் மாணவர்கள், 1925ஆம் ஆண்டு தொடங்கிய வழக்கப்படி, உறுதிமொழி ஏற்று இரும்பு மோதிரம் ஒன்றை அணிகின்றனர். வீழ்ந்த பாலத்தின் இரும்பால் முதல் மோதிரங்கள் செய்யப்பட்டன என்பர், அக்கூற்று உண்மையன்று. எழுதும் கையின் சிறுவிரலில் அதனை அணிவர். ஆதலால் வரைபடம் வரையும்போதெல்லாம் அது தாளில் உரசிக்கொண்டே செல்லும்.