சொந்த விமானம் – 6: ஓசூர் வெயிலும் பதினெட்டாயிரம் அடியும்

மும்பை கான்டிவலியில் மொட்டை மாடியில் ஆறு பேர் அமரும் விமானத்தைக் கட்டிய அமோல் யாதவைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். 2017இல் பதிவு பெற்ற அந்த விமானம் பறந்தது 2020இல்தான். அனுமதிக்காக அவர் பட்ட பாடு போதும். இந்த வாரம் காற்றைப் பார்ப்போம்.

தொண்ணூறுகளில் ஓசூரில் தனேஜா ஏரோஸ்பேஸ், பி-68 என்ற இத்தாலிய இரட்டை எஞ்சின் விமானத்தைத் தயாரித்தது. அந்த ஆலையின் ஓடுபாதை கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. சித்திரை மதியம் 35 டிகிரி வெயிலில் காற்று இன்னும் மெலிந்துவிடும். அப்போது எஞ்சினுக்கும் இறக்கைக்கும் அது 6,000 அடிக்கு மேற்பட்ட இடம்தான். கடல் மட்டத்தை ஒட்டிய சென்னை மீனம்பாக்கத்தில் சட்டென்று எழும்பும் சிறு விமானம் இங்கே நெடுந்தூரம் ஓடித்தான் எழும்பும்.

18,000 அடிக்குப் போனால் காற்றழுத்தம் பாதிதான். காற்றை அழுத்தி ஊட்டும் டர்போ இல்லாத எஞ்சினின் திறனும் ஏறக்குறைய பாதியாகிவிடும். இருந்தும் ஏன் ஏறுகிறார்கள்? மெல்லிய காற்றில் தடை குறைவு. பின்காற்று கிடைத்தால் அதே பெட்ரோலில் அதிக தூரம் போகலாம். அமெரிக்க வடிவமைப்பாளர் பர்ட் ரூட்டானின் லாங்-ஈஸி போன்ற கைவினை விமானங்கள் பேர் பெற்றது இந்தச் சிக்கனத்தால்தான். பெங்களூர் தேசிய விண்வெளி ஆய்வகமும் எண்பதுகளில் அந்த வடிவமைப்பை ஒட்டி ஓர் ஆராய்ச்சி விமானம் கட்டியது.

ஆபத்து வேகமானியில் தொடங்குகிறது. அந்தக் கருவி எதிர்க்காற்றின் அழுத்தத்தைத்தான் அளக்கிறது. 18,000 அடியில் முள் 150 நாட் காட்டினால், உண்மை வேகம் கிட்டத்தட்ட 200 நாட். வால், இறக்கை ஓரங்களில் கட்டுக்கடங்காத நடுக்கம் எழுமா என்பதை அந்த உண்மை வேகம்தான் பெரிதும் முடிவு செய்கிறது. விமானிகள் இதை ஃப்ளட்டர் என்பார்கள். தொடங்கினால் சில நொடிகளில் வாலே பிய்ந்துவிடலாம். உலகெங்கும் வீட்டுப் பட்டறைகளில் உருவாகும் ஆர்.வி. ரக விமானங்களின் உச்ச வேக வரம்பை, உண்மை வேகமாகவே கொள்ளவேண்டும் என்கிறது அவற்றை வடிவமைத்த வேன்ஸ் நிறுவனம். ஆர்.வி.-7க்கு அந்த வரம்பு 200 நாட். அதில் பெரிய டர்போ மாட்டி மேலே போகிறவர், முள் பத்திரமான இடத்தில் நிற்கும்போதே எல்லையைத் தொட்டுவிடுகிறார்.

இன்னொரு ஆபத்து மூளைக்கு. பிராணவாயு குறையும்போது வலி தெரியாது. பலருக்கு உற்சாகமே வரும். அதனால்தான் எனக்கு இது எல்லாவற்றிலும் கொடியதாகப் படுகிறது. உயரத்தை ஒப்பிட்டுப் பார்க்க: நம் தொட்டபெட்டா சிகரம் சுமார் 8,650 அடி. அமெரிக்க விதிப்படி, காற்றழுத்தம் ஊட்டப்படாத அறையில் 12,500 அடிக்கு மேல் அரை மணி நேரத்தைத் தாண்டிப் பறந்தால் விமானி பிராணவாயு எடுத்தாக வேண்டும். 14,000க்கு மேல் எப்போதுமே. 25,000 அடியில் பிராணவாயுக் குடுவை இல்லாமல் தெளிவாகச் செயல்படக் கிடைப்பது மூன்று முதல் ஐந்து நிமிடம். இரவில் 5,000 அடியிலேயே கண் மங்கத் தொடங்கிவிடும்.

கைவினை விமானங்களில் மிகப் பலவற்றுக்கு அழுத்தம் ஊட்டும் வசதி கிடையாது. ஆகவே விமானம் கட்டும் கனவோடு இதைப் படிக்கும் இளைஞர்களுக்குச் சொல்கிறேன்: டர்போவுக்குப் பணம் சேர்க்கும் முன், பிராணவாயுக் குடுவையும் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும் வாங்கிவிடுங்கள்.

(தொடரும்)