கல்லீரல் புற்றுநோய் அறுவையில் குருதியிழப்பைக் கட்டுப்படுத்தல்: கோவை ஆய்வு ஒன்றை முன்வைத்து

முன்னுரை

கல்லீரலில் தோன்றிய புற்றுநோய்க் கட்டி பிற உறுப்புகளுக்குப் பரவாத நிலையில், அப்பகுதியை வெட்டி நீக்குதல் நோயைக் குணமாக்கவல்ல வழிகளுள் ஒன்றாகும். எஞ்சிய கல்லீரல் மீண்டும் வளரும் இயல்புடையது. எனினும் இவ்வறுவைக்குப் பெருந்தடையாக அமைவது குருதிப்போக்கு. மிகுந்த குருதியிழப்பும் அதனை ஈடுசெய்யும் குருதியேற்றமும் அறுவைக்குப் பிந்தைய சிக்கல்களோடு தொடர்புடையவை. இதனைக் கட்டுப்படுத்தும் முறைகளை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கல்லீரலின் குருதியோட்டம்

நிமிடத்திற்கு ஏறத்தாழ 1,500 மி.லி. குருதி கல்லீரலுக்குள் பாய்கிறது. இதில் முக்கால் பங்கு குடலிலிருந்து வரும் வாயிற்சிரை வழியாகவும், எஞ்சியது கல்லீரல் தமனி வழியாகவும் வருகிறது. பின்னர் அது கல்லீரல் சிரைகள் வழியே வெளியேறி, இதயத்திற்குச் செல்லும் பெருஞ்சிரையை அடைகிறது. ஆதலின் வெட்டுமுகத்தில் உள்வரும் குழாய்களிலிருந்தும், வெளியேறும் சிரைகளிலிருந்து பின்னோக்கியும் குருதி பெருகும்.

உள்வழியை அடைத்தல்

காயமுற்ற கல்லீரலின் குருதிப்போக்கை நிறுத்த, தமனியும் வாயிற்சிரையும் ஒருங்கே செல்லும் தண்டினை அழுத்திப் பிடிக்கும் முறையை 1908-இல் கிளாஸ்கோ அறுவை மருத்துவர் ஜேம்ஸ் ஹோகார்த் பிரிங்கிள் வெளியிட்டார். புற்றுநோய் அறுவையிலும் இம்முறை இன்றும் பயன்படுகிறது. நெடுநேரம் அடைத்தால் கல்லீரல் உயிரணுக்கள் பாதிக்கப்படும். எனவே 15 நிமிடங்கள் அடைத்து, 5 நிமிடங்கள் திறந்துவிடும் இடைவிட்ட முறை பெரிதும் பின்பற்றப்படுகிறது. இழைநார் வளர்ச்சியால் நலிந்த கல்லீரலுக்கு இவ்விடைவெளி மேலும் இன்றியமையாதது.

வெளிவழியின் அழுத்தத்தைக் குறைத்தல்

உள்வழியை அடைப்பதால் சிரைகளின் பின்னொழுக்கு நிற்பதில்லை. இங்கு மயக்கவியல் மருத்துவரின் பங்கு முதன்மை பெறுகிறது. வெட்டி முடிக்கும் வரை நரம்புவழித் திரவத்தைக் குறைத்து, மைய சிரை அழுத்தத்தை 5 மி.மீ. பாதரச அளவிற்குக் கீழ் வைத்தால் சிரைகள் விரிவதில்லை, கசிவு குறைகிறது. ஆயின் அழுத்தம் மிகத் தாழ்ந்தால், திறந்த சிரைக்குள் காற்று புகுதலும் சிறுநீரகக் குருதியோட்டம் குன்றுதலும் நேரலாம்.

நுண்துளை அறுவையும் கோவையும்

லேப்ராஸ்கோப்பி எனும் நுண்துளை அறுவையில் வயிற்றறைக்குள் செலுத்தப்படும் கரியமில வாயுவின் அழுத்தமே சிரைக்கசிவைத் தடுக்க உதவுகிறது. உருப்பெருக்கத்தால் சிறு குழாய்களையும் கண்டு அடைக்க இயல்கிறது. கோவை ஜெம் மருத்துவமனையில் சி. பழனிவேலு குழுவினர் 64 நோயாளிகளிடம் நிகழ்த்தி 2017-இல் வெளியிட்ட ஒப்பீட்டாய்வு இங்குக் கருதத்தக்கது. அது கல்லீரலைப் பற்றியதன்று. கணையத் தலைப்பகுதியை ஒட்டிய கட்டிகளைப் பற்றியது. அதில் நுண்துளை அறுவை கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டபோதிலும் குருதியிழப்பு குறைந்தது; மருத்துவமனையில் தங்கும் காலமும் சுருங்கியது. கல்லீரலிலோ, நேரம் நீளுந்தோறும் உள்வழி அடைப்பும் நீளக்கூடும் என்பதால், இவ்விரண்டையும் ஒருசேர எடைபோட வேண்டியுள்ளது.

முடிவுரை

உள்வழியை அடைப்பது அறுவை மருத்துவரின் கை. வெளிவழியின் அழுத்தத்தைத் தாழ்த்துவது மயக்கவியல் மருத்துவரின் கணிப்பு. இவ்விரண்டும் அளவறிந்து இணையும்போதே, குருதியும் காக்கப்பட்டு, எஞ்சிய கல்லீரலும் காக்கப்படும்.