என் அறையில் ஒரு சர்வர்



சர்வர் என்றதும் நமக்கு இட்லித் தட்டுடன் வருபவரும், 1964-இல் நாகேஷ் நடித்து வெளிவந்த 'சர்வர் சுந்தரம்' படமுமே நினைவுக்கு வரும். நான் சொல்லப்போகும் சர்வருக்கும் பரிமாறுவதே வேலை. கேட்டவருக்குக் கேட்ட பக்கத்தை எடுத்துக் கொடுக்கும் கணினி அது. செகந்திராபாத்தில், மாரேட்பள்ளியில் நான் குடியிருக்கும் அறையில், கட்டிலுக்கடியில் ஆறு மாதங்களாக இருந்துவருகிறது.

மன்றத்து நூல்களை இரவல் பெறுவோர் பெயரை ஒரு நோட்டில் எழுதி வந்தோம். நோட்டுத் தொலைந்தது, அதனுடன் பல நூல்களும் போயின. ஆகவே பழைய மடிக்கணினி ஒன்றில் லினக்ஸ் ஏற்றி, இரவல் பதிவுச் செயலி ஒன்றை நாமே நடத்தலாம் என்று முன்வந்தேன். உறுப்பினர்களின் தொலைபேசி எண்கள் அயலார் கைக்குப் போக வேண்டாமே என்பதும் ஒரு காரணம். நான் பௌதிகம் படிப்பவன். இதைப் பாடமாகக் கற்றவன் அல்லன். பட்டுத் தெரிந்துகொண்டதையே எழுதுகிறேன்.

முகவரி

செயலி என் அறைக்குள் நன்றாக ஓடியது. வெளியிலிருந்து எவராலும் அடைய முடியவில்லை. ஏன்?

நமது விடுதியை எண்ணிப் பாருங்கள். உள்ளே இருப்பவர் வெளியே கடிதம் அனுப்புவது எளிது. ஆனால் அறை எண் இல்லாமல் விடுதியின் பெயரை மட்டும் எழுதிக் கடிதம் வந்தால் காவலர் யாரிடம் கொடுப்பார்? பொது ஐ.பி. முகவரிகள் போதாமையால், இணைய இணைப்புத் தருவோர் பல வீடுகளை ஒரே முகவரிக்குப் பின்னால் வைத்துவிடுகிறார்கள். இதற்கென்றே 2012-இல் 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் எண்கள் ஒதுக்கப்பட்டன. உங்கள் ரவுட்டரின் வெளிப்புற முகவரி அவ்வாறு தொடங்கினால் நீங்களும் விடுதிவாசிதான். நான் மாதக் கட்டணம் செலுத்தி, எனக்கென்று மாறாத பொது முகவரி ஒன்று பெற்றேன்.

வாசல்

ஒரு முகவரியில் 65,535 வாசல்கள் உண்டு, 'போர்ட்' என்பர். மறைக்கப்படாத இணையப் பக்கத்துக்கு 80, மறையாக்கம் செய்த பக்கத்துக்கு 443. அவ்வாசல்களுக்கு வருவதை உள்ளே எந்தக் கணினிக்கு அனுப்ப வேண்டும் என்று ரவுட்டருக்குச் சொல்ல வேண்டும். அக்கணினியில் என்ஜின்-எக்ஸ் என்னும் மென்பொருள் வாயிற்காவலராக நின்று, வருவோரைச் செயலியிடம் அழைத்துச் செல்லும்.

இங்கே பிழைச் செய்தியைப் பொறுமையாகப் படிப்பதே பாதி வைத்தியம். நெடுநேரம் காத்திருந்து 'நேரம் கடந்தது' என்று வந்தால், பெரும்பாலும் நம் கோரிக்கை வாசலை அடையவே இல்லை. ரவுட்டரையும் தடுப்புச் சுவரையும் பாருங்கள். உடனே 'இணைப்பு மறுக்கப்பட்டது' என்றால், பெரும்பாலும் கணினியை அடைந்துவிட்டோம், வாசலில் ஆள் இல்லை. '502' என்று வந்தால், காவலர் நிற்கிறார், உள்ளே செயலி உறங்குகிறது. இது தெரியாமல் மூன்று இரவுகள் எல்லாவற்றையும் மாற்றி மாற்றிக் கெடுத்தேன்.

சான்று

வாசல் திறந்தது. அவசரத்தில் நானே ஒரு பாதுகாப்புச் சான்றிதழ் தயாரித்து வைத்தேன். மதுரையிலிருந்து வந்துள்ள முதலாண்டுத் தங்கை ஒருவர் கேட்டார்: "அண்ணா, இணைப்பு பாதுகாப்பானதல்ல என்று சிவப்பாக வருகிறதே, என் எண்ணை எழுதலாமா?"

"அதெல்லாம் ஒன்றுமில்லை அம்மா, 'தொடர்க' என்பதை அழுத்து" என்றேன்.

இரவு படுத்தபின் அந்தப் பதில் என்னை உறுத்தியது. வேலைக்கு மனுப் போடும்போது நமக்கு நாமே நன்னடத்தைச் சான்று எழுதிக் கொடுத்தால் ஏற்பார்களா? கெசட்டட் ஆபீசர் கையொப்பம் கேட்பார்கள் அல்லவா? 'இந்தச் சாவி இந்தப் பெயருக்கு உரியவரிடம் உள்ளது' என்று பிறர் நம்பும் ஒருவர் கூறுவதே சான்றிதழ். நானே எழுதிக்கொண்ட சான்றிலும் செய்தி மறைக்கப்படும். ஆனால் மறைத்து அனுப்புவது யாரிடம் என்பது உறுதியாகாது. இடையில் ஒருவன் புகுந்து என் பெயரில் பக்கம் காட்டினாலும் அதே சிவப்புத்தான் வரும். அவரும் நான் சொன்னபடியே 'தொடர்க' என்பார். நாளை வங்கியின் பெயரில் வந்தாலும் அப்படியே செய்வார். அந்தப் பழக்கத்தை நான் கற்றுக் கொடுத்துவிட்டேன்.

மறுநாளே முறையான சான்றுக்கு முயன்றேன். லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் லாப நோக்கமற்ற அமைப்பு 2015 டிசம்பர் முதல் எல்லோருக்கும் இலவசமாகச் சான்றிதழ் தருகிறது. பெயர் நம்முடையதுதானா என்று அறிய ஒரு குறிச்சொல் தந்து, அதை நம் சர்வரில் வைக்கச் சொல்லி, 80-ஆம் வாசல் வழியாக வந்து பார்க்கும். நானோ 443-ஐ மட்டும் திறந்திருந்தேன்! திரும்பத் திரும்ப முயன்றதில், சற்று நேரம் பொறு என்று தடுத்துவிட்டார்கள். ஒத்திகைக்கென்று அவர்களே தனிச் சர்வர் வைத்திருக்கிறார்கள். முதலில் அங்கே முயலுங்கள்.

சங்கிலி

சான்று கிடைத்தது. என் கணினியில் சரி; நண்பர் ஒருவரின் கைப்பேசியில் மீண்டும் சிவப்பு. கைப்பேசி அறிந்தது மூலச் சான்றாளரை மட்டுமே. மூலச் சான்றாளர் இடைநிலைச் சான்றாளருக்குக் கையொப்பமிட, அவர் நமக்குக் கையொப்பமிடுகிறார். நான் என் சான்றை மட்டும் வைத்து இடைக்கண்ணியை விட்டுவிட்டேன். 'ஃபுல்செயின்' என்னும் முழுச் சங்கிலிக் கோப்பை வைத்ததும் குறை தீர்ந்தது.

இந்தச் சங்கிலி எவ்வளவு முக்கியமானது என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 2014 ஜூலையில், தேசிய தகவலியல் மையத்தின் இடைநிலைச் சான்றாளரிடமிருந்து கூகுள் பெயர்களுக்கு உரிமையற்ற சான்றிதழ்கள் வெளிவந்தது கண்டுபிடிக்கப்பட்டது. உடனே இந்தியக் கட்டுப்பாட்டு அதிகாரி அந்த இடைநிலைச் சான்றுகளை ரத்துச் செய்தார். கூகுளின் குரோம் உலாவியும் அந்த இந்திய மூலச் சான்றைச் சில இந்தியப் பெயர்களுக்கு மட்டுமே செல்லும்படி சுருக்கியது. இடையில் ஒரு கண்ணி தளர்ந்தால் மூலத்தின் மதிப்பும் குறைகிறது.

காலாவதி

இச்சான்றின் ஆயுள் 90 நாள். தானே புதுப்பிக்க ஏற்பாடு செய்து நிம்மதியாக இருந்தேன். ஆண்டு விழாவுக்குப் பெயர் கொடுக்கும் நாளன்று எல்லோருக்கும் சிவப்பு! கோப்பைத் திறந்து பார்த்தேன். புதிய சான்று ஒரு மாதத்துக்கு முன்பே வந்து கிடக்கிறது. ஆனால் என்ஜின்-எக்ஸ் பழையதையே நினைவில் வைத்துப் பரிமாறிக்கொண்டிருந்தது. அதை மீண்டும் படிக்கச் சொல்லும் கட்டளை ஒன்றைப் புதுப்பிப்புடன் சேர்த்திருக்க வேண்டும். கோப்பில் உள்ளதை மட்டும் பார்க்காமல், வெளியே என்ன பரிமாறப்படுகிறது என்றும் பாருங்கள். 2029 மார்ச்சுக்குள் பொதுச் சான்றிதழ்களின் ஆயுளை அதிகபட்சம் 47 நாளாகக் குறைக்க முடிவாகியுள்ளது. ஆகையால் இக்கவனம் இனி மேலும் தேவை.

ஒன்று மறவாதீர்கள். சான்றிதழ் பெயரைத்தான் உறுதி செய்கிறது, நேர்மையையன்று. மோசக்காரனும் தன் பெயருக்குச் சான்று பெறலாம். பெயரையும் எழுத்துக்கூட்டிப் படியுங்கள்.

அந்தத் தங்கையிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீங்கள் சொன்னீர்களே என்றுதான் அழுத்தினேன், அண்ணா" என்றார். அதைவிட வேறு தண்டனை வேண்டியதில்லை.

நூலகப் பதிவு இப்போது ஒழுங்காக நடக்கிறது. என்றேனும் மீண்டும் சிவப்பு வந்தால், தயவுசெய்து 'தொடர்க' என்பதை அழுத்தாதீர்கள். எனக்குச் சொல்லி அனுப்புங்கள். பிழை என் கட்டிலுக்கடியில்தான் இருக்கும்.