விதையில்லா தர்பூசணிக்கு விதை எங்கிருந்து வருகிறது?

விதையில்லா தர்பூசணி சாகுபடியில் இறங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது இதைத்தான்: ‘பழத்தில் விதையே இல்லையே, கடையில் மட்டும் எப்படி விதை விற்கிறார்கள்?’ நியாயமான கேள்வி. இதற்கான பதிலில் பாதி, ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கம் கம்பியில் ஏற்றி வளர்க்கும் கண்வலிக்கிழங்கில் இருக்கிறது.

எந்தச் செடியை எடுத்தாலும், அதன் செல்களுக்குள் குரோமோசோம் என்ற நுண்ணிய இழைகள் உண்டு. காயின் நிறம், கொடியின் நீளம், நோய் தாங்கும் திறன் எல்லாம் அவற்றில் பதிந்திருக்கின்றன. சாதாரண தர்பூசணியில் இவை 22. தாயின் பங்கு 11, தந்தையின் பங்கு 11. செல் இரண்டாகப் பிரியும் முன் இந்த 22-ம் நகலெடுக்கப்பட்டு 44 ஆகும். பிறகு கயிறு போன்ற மெல்லிய இழைகள் உருவாகி, பக்கத்துக்கு 22 என்று இழுத்துப் பிரித்துவிடும்.

கண்வலி விதையில் இருந்து எடுக்கப்படும் கோல்ச்சிசின், அந்தக் கயிறுகளை உருவாகவே விடாது. நகலெடுப்பு முடிந்திருக்கும், பிரிவு நடக்காது. செல் 44 குரோமோசோம்களோடு நின்றுவிடும். நாற்றின் குருத்தில் இந்த மருந்தை வைத்து ‘44’ செடியை உருவாக்கி, விதையில்லா தர்பூசணிக்கு வழிகாட்டியவர் ஜப்பானின் ஹிட்டோஷி கிஹாரா.

‘44’ செடியைத் தாயாகவும் ‘22’ செடியைத் தந்தையாகவும் வைத்துக் கலப்பு செய்தால், 22-ம் 11-ம் சேர்ந்து 33. பாக்கெட்டில் வரும் விதை இதுதான். மூன்று பங்கு இருப்பதால் குரோமோசோம்கள் ஒழுங்காக ஜோடி சேர முடியாது, விதையும் பிடிக்காது. வெள்ளையாக, இளசாகச் சில தோல்கள் மட்டும் பழத்தில் தென்படும். பூவன், நேந்திரன் வாழைகளிலும் இதே 33 கணக்குதான். அது இயற்கையே போட்ட கணக்கு. வாழைக்குக் கன்று இருக்கிறது, தர்பூசணிக்கு இல்லை. அதனால் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கலப்பு செய்தே விதை எடுக்க வேண்டும். விலை அதிகமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வேறு உயிரின் மரபணுவைப் புகுத்துவதில்லை என்பதால் இது மரபணு மாற்றுப் பயிர் அல்ல. மருந்து படுவதும் தாய்ச்செடியின் முன்னோருக்குத்தான், பழத்துக்கு அல்ல.

பலர் ஏமாறுவது நடவில்தான். வயல் முழுக்க இதையே நட்டால் பூக்கும், காய் நிற்காது. இதன் மகரந்தம் உதவாது. ஆனால் பிஞ்சு பிடிக்க உயிருள்ள மகரந்தம் வேண்டும். எனவே இரண்டு, மூன்று வரிசைக்கு ஒரு வரிசை விதையுள்ள ரகம் அவசியம். தோலின் நிறம் வேறாக இருக்கும் ரகமாகப் பார்த்து நட்டால், அறுவடையில் குழப்பம் இருக்காது. பூக்கும் நாட்களில் காலையில் பூச்சிமருந்து அடிக்கவே கூடாது. மகரந்தத்தைக் கொண்டு சேர்க்கும் தேனீக்கள் வரும் நேரம் அது.