பள்ளி மேம்பாட்டுத் திட்டமும் பொறுப்புடைமையும்: கல்வி உரிமைச் சட்டத்தின் 21, 22ஆம் பிரிவுகளை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

குழந்தைகளுக்கான இலவச மற்றும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009, ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு அமைய வேண்டும் என்றும், அக்குழு பள்ளி மேம்பாட்டுத் திட்டம் வகுக்க வேண்டும் என்றும் பணிக்கிறது. மறுபுறம், பள்ளியின் நிலையை ஆண்டுதோறும் எண்களாக மேலிடத்திற்கு அறிவிக்கும் கடமை தலைமையாசிரியருக்கு உள்ளது. இவ்விரு கடமைகளும் எங்கு இணைகின்றன, எங்கு விலகுகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. அறிக்கையின் எண்கள் திட்டமாக மாறும் முறையை ஓர் எடுத்துக்காட்டின் வழி காட்டி, திட்டம் வெறும் படிவமாகச் சுருங்காதிருக்க வேண்டிய நடைமுறைகளை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: பள்ளி மேலாண்மைக் குழு, பள்ளி மேம்பாட்டுத் திட்டம், பொறுப்புடைமை, யூடைஸ் பிளஸ், கல்வி உரிமைச் சட்டம்

முன்னுரை

பொதுப்பணி ஏற்றவர் கணக்குக் காட்ட வேண்டும் என்னும் எண்ணம் தமிழகத்திற்குப் புதியதன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், வாரியப் பணியில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் குடவோலைக்குத் தகுதியற்றவர் என விதித்தன. ஆயினும் அவ்வாரியங்களில் இடம்பெற நிலவுடைமையும் கல்வித் தகுதியும் வேண்டப்பட்டன. இன்றைய பள்ளி மேலாண்மைக் குழு இவ்விடத்தில் முற்றிலும் வேறுபடுகிறது. இங்குத் தகுதி என்பது பள்ளியில் பயிலும் குழந்தையின் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருத்தலே. எழுத்தறியாத கூலித் தொழிலாளியும் பள்ளியின் செயற்பாட்டைக் கண்காணிக்கும் சட்டப்பூர்வ உரிமை பெறுகிறார். அவ்வுரிமை கையொப்பம் இடுவதோடு நின்றுவிடுகிறதா, பள்ளியின் திசையைத் தீர்மானிக்கிறதா என்பதே ஆராயத்தக்க வினா.

சட்டம் வகுக்கும் கடமைகள்

2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த இச்சட்டத்தின் 21ஆம் பிரிவு, அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகள் நீங்கலாக ஏனைய பள்ளிகளில் மேலாண்மைக் குழு அமைவதை வலியுறுத்துகிறது. உறுப்பினருள் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் அல்லது பாதுகாவலராக இருத்தல் வேண்டும். மொத்த உறுப்பினருள் பாதிப்பேர் பெண்களாக இருத்தல் வேண்டும். நலிவுற்ற, பின்தங்கிய பிரிவுக் குழந்தைகளின் பெற்றோர்க்கு அவர்தம் விகிதத்திற்கேற்ப இடமளிக்க வேண்டும். பள்ளியின் செயற்பாட்டைக் கண்காணித்தல், மேம்பாட்டுத் திட்டம் வகுத்துப் பரிந்துரைத்தல், மானியங்களின் செலவைக் கண்காணித்தல் ஆகியன குழுவின் முதன்மைப் பணிகள். 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, உதவி பெறும் பள்ளிகளிலும் சிறுபான்மையினர் பள்ளிகளிலும் இக்குழு ஆலோசனை கூறும் அளவிலேயே இயங்கும்.

22ஆம் பிரிவு சுருக்கமானது, எனினும் வலிமையானது. குழு வகுக்கும் மேம்பாட்டுத் திட்டமே, அரசோ உள்ளாட்சி அமைப்போ அப்பள்ளிக்கு வகுக்கும் திட்டங்களுக்கும் வழங்கும் மானியங்களுக்கும் அடிப்படையாக அமையும் என அப்பிரிவு கூறுகிறது. எனவே திட்டத்தில் எழுதப்படாத தேவை, சட்டத்தின் பார்வையில் கேட்கப்படாத தேவையாகிவிடுகிறது.

தமிழ்நாட்டில் 2022இல் இக்குழுக்கள் 20 உறுப்பினர்களுடன் மறுகட்டமைப்புச் செய்யப்பட்டன. அவருள் 15 பேர் பெற்றோர். 2024ஆம் ஆண்டு மறுகட்டமைப்பில் எண்ணிக்கை 24 ஆக உயர்த்தப்பட்டு முன்னாள் மாணவர்க்கும் இடமளிக்கப்பட்டது.

அறிக்கையும் திட்டமும்

பள்ளி அளிக்கும் அறிக்கைகளுள் முதன்மையானது, ஒருங்கிணைந்த மாவட்டக் கல்வித் தகவல் முறைமையான யூடைஸ் பிளஸ். ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்கக் குறியீட்டு எண் உண்டு. மாணவர் சேர்க்கை, ஆசிரியர் எண்ணிக்கை, வகுப்பறை, கழிப்பறை, குடிநீர், நூலகம் முதலியன பற்றிய விவரங்கள் வழக்கமாகச் செப்டம்பர் 30ஆம் நாளை அடிப்படையாகக் கொண்டு திரட்டப்படுகின்றன. தமிழ்நாட்டில் எமிஸ் எனப்படும் கல்வி மேலாண்மைத் தகவல் முறைமை, மாணவர் வருகை முதல் நலத்திட்டப் பொருள் வழங்கல் வரை அன்றாடப் பதிவுகளைத் தாங்கி நிற்கிறது.

இவ்வறிக்கைகள் பள்ளியிலிருந்து வட்டாரம், மாவட்டம், மாநிலம் என மேல்நோக்கிச் செல்பவை. மேம்பாட்டுத் திட்டமோ ஊரை நோக்கிப் பேச வேண்டியது. அறிக்கை ‘என்ன இருக்கிறது’ எனக் கூறும். திட்டம் ‘என்ன வேண்டும், எப்போது, எவர் பொறுப்பில்’ எனக் கூறும். முன்னதன் எண்களைப் பெற்றோர் காணாதிருந்தால் பின்னது வெறும் ஊகமாகும். பின்னது இல்லையெனில் முன்னது பயனற்ற பதிவாகும்.

ஓர் எடுத்துக்காட்டு இதனைத் தெளிவாக்கும். யூடைஸ் படிவம் கழிப்பறைகளின் மொத்த எண்ணிக்கையையும் பயன்பாட்டில் உள்ளவற்றின் எண்ணிக்கையையும் தனித்தனியே கேட்கிறது. கதவு உடைந்த, தண்ணீர் வராத கழிப்பறையைப் ‘பயன்பாட்டில் உள்ளது’ எனப் பதிந்துவிட்டால் பள்ளியின் மதிப்பு காகிதத்தில் உயரும். பழுது நீக்க நிதி கேட்கும் அடிப்படையோ அன்றே அழியும். பொய்யான நல்ல எண் பள்ளிக்குத் தீமையே செய்கிறது. இவ்வுண்மையை முதலில் அறிபவர் அக்கழிப்பறையைப் பயன்படுத்த இயலாமல் வீடு திரும்பும் சிறுமியின் தாயே. அவர் குழுவில் உறுப்பினராக இருப்பதன் பொருள் இதுவாகும்.

எண்ணிலிருந்து திட்டத்திற்கு

மைய அரசின் 2010ஆம் ஆண்டு மாதிரி விதிகளின்படி, மேம்பாட்டுத் திட்டம் மூன்றாண்டுகளுக்கு உரியது. மூன்று ஆண்டுத் துணைத்திட்டங்களைக் கொண்டது. ஒவ்வோர் ஆண்டுக்குமான வகுப்புவாரி மாணவர் மதிப்பீடு, சட்டத்தின் அட்டவணைப்படி தேவைப்படும் கூடுதல் ஆசிரியர், கூடுதல் கட்டட வசதியும் கருவிகளும், ஆண்டுவாரி நிதித்தேவை ஆகியன அதில் இடம்பெற வேண்டும்.

அட்டவணையின்படி, 1 முதல் 5 வரையுள்ள வகுப்புகளில் 60 மாணவர் வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூவர், 91 முதல் 120 வரை நால்வர், 121 முதல் 200 வரை ஐவர் இருத்தல் வேண்டும். 150க்கு மேற்படின் தலைமையாசிரியர் ஒருவரும் வேண்டும். ஆசிரியர் ஒருவருக்கு வகுப்பறை ஒன்றேனும் தேவை. தடையற்ற நுழைவழி, ஆண், பெண் குழந்தைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறை, பாதுகாப்பான குடிநீர், விளையாட்டிடம், சுற்றுச்சுவர் அல்லது வேலி ஆகியனவும் அட்டவணையில் உள்ளன.

விளக்கத்தின் பொருட்டு ஒரு தொடக்கப்பள்ளியைக் கற்பனையாகக் கொள்ளலாம். அங்கு முதல் வகுப்பில் 22, இரண்டில் 19, மூன்றில் 20, நான்கில் 18, ஐந்தில் 17 என 96 குழந்தைகள் பயில்கின்றனர், ஆசிரியர் மூவர். அட்டவணைப்படி நால்வர் தேவை. ஆகவே ‘ஆசிரியர் ஒருவர் வேண்டும்’ என ஒரு வரி எழுதித் திட்டத்தை முடித்துவிட இயலும். பெரும்பாலும் நிகழத்தக்கதும் இதுவே.

விதி கேட்கும் மூன்றாண்டு மதிப்பீட்டைச் செய்தால் வேறொரு காட்சி புலப்படும். அங்கன்வாடிப் பதிவேட்டின்படி அடுத்த மூன்றாண்டுகளில் முதல் வகுப்பில் சேரத்தக்கவர் முறையே 14, 12, 13 எனக் கொள்வோம். ஐந்தாம் வகுப்பினர் ஆண்டுதோறும் வெளியேற, மொத்த எண்ணிக்கை முதலாண்டில் 93, இரண்டாமாண்டில் 87, மூன்றாமாண்டில் 80 என இறங்கும். இரண்டாமாண்டிலேயே எண்ணிக்கை 90க்குக் கீழ் செல்வதால் நான்காவது ஆசிரியர்க்கான உரிமை மறையும். ஐந்து வகுப்புகளை மூவர் கற்பிக்கும் நிலையோ மாறாது. எண்ணிக்கைக் கணக்கில் குறையற்ற பள்ளியாகவும் அது தோன்றும்.

இங்குத்தான் திட்டமிடல் தொடங்குகிறது. குழு முன் இரு வினாக்கள் எழும். ஊரில் ஐந்து வயது நிறைந்த குழந்தைகள் அனைவரும் இப்பள்ளிக்கு வருகின்றனரா, வேறு பள்ளிக்குச் செல்கின்றனரா, எப்பள்ளியிலும் சேராதவர் உளரா என்பது முதல் வினா. பள்ளியில் சேராதவரை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி அளிக்கச் சட்டத்தின் 4ஆம் பிரிவு வழிவகுக்கிறது; அதற்குரிய நிதியையும் திட்டத்தில் கேட்கலாம். மூன்று ஆசிரியர் ஐந்து வகுப்புகளை எவ்வாறு பகிர்ந்து கற்பிப்பது என்பது இரண்டாம் வினா. இவ்விரண்டையும் எழுப்பாத திட்டம், இரண்டாண்டில் காலாவதியாகும் ஒரு கோரிக்கைக் கடிதமாகவே நிற்கும்.

விதி கேளாத வினா

மாதிரி விதிகள் பட்டியலிடும் கூறுகள் மாணவர் எண்ணிக்கை, ஆசிரியர், கட்டடம், நிதி ஆகியவை பற்றியன. குழந்தைகள் என்ன கற்றனர் என்பது அப்பட்டியலில் நேரடியாக இல்லை. இவ்விடைவெளியை நிரப்பும் முயற்சியாக, 2015இல் தேசியக் கல்வித் திட்டமிடல் மற்றும் நிர்வாகப் பல்கலைக்கழகம் ‘ஷாலா சித்தி’ என்னும் பள்ளி மதிப்பீட்டுக் கட்டமைப்பை வெளியிட்டது. ஏழு களங்கள், 46 தரக்கூறுகள், மூன்று நிலைகள் கொண்ட இக்கட்டமைப்பில், பள்ளி தன்னைத்தானே மதிப்பிட்டு, புற மதிப்பீட்டிற்கும் உட்பட்டு, இறுதியில் முன்னேற்றத் திட்டம் வகுக்கிறது. கற்றல் கற்பித்தல், கற்போர் முன்னேற்றம், ஆசிரியர் பணித்திறன், உள்ளடக்கமும் பாதுகாப்பும், சமூகப் பங்கேற்பு ஆகியன அக்களங்களுள் அடங்கும்.

சட்டத்தின் 24ஆம் பிரிவும் இதற்குத் துணைநிற்கிறது. குழந்தையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றைப் பெற்றோர்க்குத் தொடர்ந்து கூட்டங்களில் எடுத்துரைப்பது ஆசிரியரின் கடமை என அது கூறுகிறது. எனவே ‘மூன்றாம் வகுப்பில் எத்தனை பேர் ஒரு பத்தியைத் தடையின்றி வாசிக்கின்றனர்’ எனக் குழுக் கூட்டத்தில் ஒரு தாய் கேட்பது அத்துமீறலன்று. சட்டம் அளித்த உரிமை. அவ்வெண்ணைத் திட்டத்தின் முதல் வரியாகவும், ஓராண்டுக்குப்பின் அது அடைய வேண்டிய அளவை இரண்டாம் வரியாகவும் எழுதினால், கட்டடத்திற்கும் ஆசிரியர்க்கும் கேட்கும் நிதி எதன்பொருட்டு என்பது தெளிவாகும்.

நிதியும் கால ஒழுங்கும்

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின்கீழ் 31 முதல் 100 மாணவர் வரை பயிலும் பள்ளிக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாயும், 101 முதல் 250 வரை பயிலும் பள்ளிக்கு 50,000 ரூபாயும் பள்ளி மானியமாக வரையறுக்கப்பட்டுள்ளன. அதில் குறைந்தது 10 விழுக்காடு தூய்மைப் பணிக்குரியது. மேற்கண்ட பள்ளிக்கு இது 2,500 ரூபாய். சிறு தொகையாயினும், செலவு விவரமும் பற்றுச்சீட்டும் கூட்டத்தில் வாய்விட்டு வாசிக்கப்படும்போது, படிக்கத் தெரியாத உறுப்பினரும் கணக்கின் பங்காளி ஆகிறார்.

குழு முதன்முதல் அமைந்த நிதியாண்டு முடிவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னரே திட்டம் உருவாக வேண்டும் என மாதிரி விதிகள் கூறுகின்றன. அதாவது டிசம்பர் இறுதிக்குள். செப்டம்பர் 30இன் எண்கள் கைக்கு வந்தபின் எஞ்சுவது மூன்று மாதங்களே. அக்டோபரில் எண்களைக் குழுவில் வாசித்துச் சரிபார்த்தல், நவம்பரில் பள்ளியைச் சுற்றிப் பார்த்துத் தேவைகளை வரிசைப்படுத்தல், டிசம்பரில் மதிப்பீட்டுடன் தீர்மானம் நிறைவேற்றல் என இக்காலத்தைப் பகுத்துக்கொள்ளலாம். ஜனவரி 26 கிராம சபையில் திட்டம் வாசிக்கப்படின் ஊராட்சி நிதியால் இயலும் பணிகள் அங்கேயே பிரித்தறியப்படும். தலைவரும் தலைமையாசிரியரும் கையொப்பமிட்ட திட்டம் மார்ச் 31க்கு முன் உள்ளாட்சி அமைப்பிடம் சேர வேண்டும். கோரிக்கை கவனிக்கப்படாவிடின், 32ஆம் பிரிவின்படி உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்துவழி முறையிடலாம். மூன்று மாதங்களுக்குள் அது முடிவு செய்யப்பட வேண்டும். அம்முடிவில் குறையுடையோர் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தை நாடலாம்.

இடர்கள்

இம்முறைக்கு மூன்று இடர்கள் உள்ளன. முதலாவது பதிவுச் சுமை. ஒரே விவரத்தைப் பல இடங்களில் பதியும் ஆசிரியர்க்குத் திட்டமும் இன்னொரு படிவமாகவே தோன்றும். முன்னரே பதிந்த எண்களைத் திட்டத்திற்கு எடுத்தாள்வதே இதற்குத் தீர்வு. இரண்டாவது கூலி இழப்பு. வேலைநாளில் நடக்கும் கூட்டத்திற்கு வரும் பெற்றோர் அன்றைய ஊதியத்தை இழக்கின்றனர். கூட்ட நேரத்தைக் குழுவே முடிவு செய்வது எளிய, எனினும் இன்றியமையாத நடைமுறை. மூன்றாவது அச்சம். குறையை எழுதினால் தம்மீது குற்றம் வரும் எனத் தலைமையாசிரியர் கருதுமிடத்தில் உண்மை எண்கள் எழா. குறை கூறும் அறிக்கையைத் தண்டனைக்கு உரியதாகக் கொள்ளாமல் உதவிக்கு உரியதாகக் கொள்ளும் மேலதிகாரியே இவ்வச்சத்தைப் போக்க இயலும்.

முடிவுரை

பள்ளி அறிக்கையும் மேம்பாட்டுத் திட்டமும் ஒரே உண்மையின் இரு பக்கங்கள். அறிக்கை நேர்மையாக இருப்பின் திட்டத்திற்கு வலு சேரும். திட்டம் பெற்றோரின் குரலைத் தாங்கின் அறிக்கைக்குப் பொருள் சேரும். சட்டம் உரிமையை அளித்துள்ளது. விதி வடிவத்தை அளித்துள்ளது. அவற்றுக்கு உயிரளிப்பது தீர்மானப் பதிவேட்டில் எழுதப்படும் சொற்களே. ‘அனைவரும் ஒருமனதாக ஏற்றனர்’ என்னும் வழக்கமான வரிக்கு மாற்றாக, எவர் என்ன கேட்டார், என்ன விடை கிடைத்தது, அடுத்த கூட்டத்திற்குள் எவர் எதைச் செய்வார் என எழுதப்படும்போது அப்பதிவேடே பள்ளியின் பொறுப்புடைமைக்குச் சான்றாகும். அடுத்த கூட்டம் அப்பக்கத்தை வாசித்துத் தொடங்குமாயின், படிவத்தை நிறைவு செய்தல் என்னும் கடமை பள்ளியை மேம்படுத்தும் பணியாக மாறும்.