கொல்லைப் பாதைக்கும் பத்து நாள் பத்தியம்!

"சிமெண்ட் வேலை கொத்தனார் சமாசாரம், நமக்கென்ன தெரியும்?" என்று ஒதுங்கிப் போகும் சகோதரிகளில் நானும் ஒருத்தியாகத்தான் இருந்தேன். என் மாமியார் கையை ஒடித்துக்கொண்ட பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது.

எங்கள் வீட்டு அடுப்படியிலிருந்து துவைக்கிற கல் வரை பழைய செங்கல் பாதை ஒன்று இருந்தது. மேடும் பள்ளமுமாய்க் கிடக்கிறதே என்று 2019 கோடையில் அதை எடுத்துவிட்டு சிமெண்ட் பாதை போட்டோம். வந்தவர் ஒரே நாளில் வேலையை முடித்து, மேலே சிமெண்ட் பாலை ஊற்றி, முகம் பார்க்கலாம் போல வழவழவென்று தேய்த்துக் கொடுத்துவிட்டுப் போனார். எங்களுக்கு ஏகப்பட்ட சந்தோஷம்! மறுநாளே குடும்பத்தோடு கல்யாணத்துக்குக் கிளம்பிவிட்டோம். திரும்பி வர ஐந்து நாள் ஆயிற்று. சித்திரை வெயிலில் அந்தப் பாதை ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் காய்ந்து கிடந்தது.

ஆடி மாதத்துக்குள் கோடு கோடாய் விரிசல். பெருக்கும்போதெல்லாம் மாவு மாதிரி தூசி வந்தது. ஒரு பக்கம் உள்வாங்கி, ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கிப் பாசியும் பிடித்தது. ஒருநாள் விடியற்காலை வாளியோடு போன அத்தை அதில்தான் வழுக்கி விழுந்தார். மணிக்கட்டு எலும்பு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்த பிறகும் அவர் கொல்லைப் பக்கமே போகவில்லை. தன் கையால் வைத்த மல்லிகைப் பந்தலைக்கூட ஜன்னல் வழியாகத்தான் பார்ப்பார். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

தை பிறந்ததும் பாதையைப் பெயர்த்தோம். கனம் இரண்டு அங்குலம்கூட இல்லை! அடியில் பொலபொலவென்று மண். இந்த முறை வேறு கொத்தனார். நானும் பக்கத்திலேயே நின்று ஒவ்வொன்றாய்க் கேட்டுக்கொண்டேன்.

அடித்தளம்

புல், வேர் எல்லாம் போக அரையடி மண்ணை வெட்டி எடுத்தார்கள். கிராவலைப் பரப்பித் தண்ணீர் தெளித்து, திமிசுக் கட்டையால் நன்றாக இடித்துக் கெட்டிப்படுத்தினார்கள். அடிமண் இறுகவில்லையானால் மேலே எத்தனை மூட்டை சிமெண்ட் கொட்டினாலும் வீண்தான்.

கலவை

ஒரு பங்கு சிமெண்ட், இரண்டு பங்கு மணல், நாலு பங்கு முக்கால் அங்குல ஜல்லி. எங்கள் பாதை 3 அடி அகலம், 20 அடி நீளம். நாலு அங்குலக் கனத்துக்கு 4 மூட்டை சிமெண்ட் பிடித்தது. நடக்கிற பாதைக்கு இந்தக் கனம் போதும். கார் ஏறுகிற இடமானால் ஆறு அங்குலமும் கம்பி வலையும் வேண்டும் என்றார்.

மூட்டைக்கு 25 லிட்டர் தண்ணீர், அவ்வளவுதான். கலவை ரசம் மாதிரி ஓடினால் பரப்பச் சுலபமாயிருக்கும். ஆனால் பலம் போய்விடும். இட்லி மாவைவிடக் கெட்டியாகவே இருக்கட்டும்.

வாட்டமும் கோடும்

வீட்டுச் சுவரிலிருந்து தண்ணீர் வெளியே ஓட, 3 அடி அகலத்துக்கு முக்கால் அங்குலம் வாட்டம் விட்டார்கள். ஐந்தடிக்கு ஒரு இடத்தில் ஓர் அங்குல ஆழத்துக்குக் குறுக்கே கோடு வெட்டினார்கள். "இது எதுக்கு?" என்றேன். "சிமெண்ட் இறுகும்போது சுருங்கும்மா. விரியறதா இருந்தா இந்தக் கோட்டுக்குள்ளேயே விரியட்டும்" என்றார் கொத்தனார்.

மேலே வழவழப்பு கூடாது என்று நான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். தண்ணீர் சுண்டியதும் தென்னந்துடைப்பத்தால் குறுக்கே லேசாக இழுத்துவிட்டார். அந்தச் சொரசொரப்புதான் காலைப் பிடித்து நிறுத்துகிறது.

நம் கையில் இருப்பது

சாயங்காலம் கை கால் கழுவிக்கொண்டு கிளம்பும்போது சித்தாள் அம்மாள் சொன்னதுதான் என் மனசில் அப்படியே நிற்கிறது. "இது பச்சை உடம்புக்காரி மாதிரி தாயி. பத்து நாளைக்கு வெயில் படாம, ஈரம் காயாம பாத்துக்க. அப்புறம் உன் பேரன் காலத்துக்கும் தாங்கும்."

சிமெண்ட் காய்ந்து கெட்டியாவதில்லை, சகோதரிகளே! தண்ணீரோடு சேர்ந்துதான் இறுகுகிறது. அந்தத் தண்ணீரை வெயில் உறிஞ்சிவிட்டால் இறுகுவது பாதியில் நின்றுவிடும். இப்போது கடைகளில் பரவலாகக் கிடைக்கும் சாம்பல் கலந்த சிமெண்ட்டுக்குப் பத்து நாளாவது ஈரம் வேண்டும்.

மறுநாள் காலையிலிருந்து நனைத்த கோணிச் சாக்கை விரித்து, வேளாவேளைக்குத் தண்ணீர் தெளித்தேன். பாத்தி கட்டித் தண்ணீரைத் தேக்கும் வழக்கமும் உண்டு. ஆனால் டெங்குக் கொசு தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். ஏழெட்டு நாளில் கொசுவாகிப் பறந்துவிடும். குழந்தைகள் உள்ள வீட்டில் சாக்குதான் நல்லது. மூன்று நாள் யாரையும் மிதிக்க விடவில்லை.

இன்னொரு விஷயம். ஈரச் சிமெண்ட் சுண்ணாம்பு போலத் தோலை அரிக்கும். கைக்குழந்தையை அந்தப் பக்கம் விடாதீர்கள். மேலே பட்டால் உடனே நல்ல தண்ணீரில் கழுவுங்கள். கண்ணில் தெறித்தால் இருபது நிமிஷம் தண்ணீர் விட்டுக் கழுவி, டாக்டரிடம் கொண்டு போங்கள்.

ஆசைப்பட்டுக் கொல்லை முழுவதையும் சிமெண்ட்டால் மூடிவிடவும் வேண்டாம். மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாட்டில் 2003-ல் கட்டாயமாக்கியதே தண்ணீர் மண்ணுக்குள் இறங்கவேண்டும் என்றுதானே! நடக்கிற இடத்துக்குப் பாதை. மரத்தடியும் கிணற்றடியும் மண்ணாகவே இருக்கட்டும்.

அன்று போட்ட பாதை, எத்தனையோ மழை பார்த்தும், வெட்டிய கோட்டைத் தவிர வேறு கீறல் இல்லாமல் இருக்கிறது. பதினோராம் நாள் சாக்கை எடுத்துக் கழுவிவிட்டு நிமிர்ந்தேன். அத்தை அடுப்படி வாசலில் நின்றிருந்தார். ஒரு காலை வைத்து அழுத்திப் பார்த்தார். அப்புறம் மறு கால். என் கையைப் பிடிக்கவில்லை. பந்தல் வரை போய், முந்தானை நிறைய மொட்டுப் பறித்துக்கொண்டு வந்தார்.

"தலையைக் காட்டு" என்று எனக்குத்தான் முதலில் வைத்தார்.